மெட்ரோ பெட்டியை யார் செய்தது?

திசையன்விளையில் தண்டவாளம் கிடையாது. ரயிலேற வேண்டுமானால் வள்ளியூருக்கோ நாங்குநேரிக்கோ திருச்செந்தூருக்கோ பஸ் பிடிக்க வேண்டும். திருநெல்வேலிக்கு ரயில் வந்தது 1876இல். நெல்லை – நாகர்கோவில் பாதை திறக்கப்பட்டது 1981இல். இடையில் 105 ஆண்டுகள். அந்தப் பாதையும் நம் ஊரைத் தொடாமல்தான் போகிறது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு சென்னை மெட்ரோ ரயில் பெட்டியைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் பிள்ளைகள் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்கிறார்கள். "ஊர்லதான் சாதி. சென்னைக்குப் போய் மெட்ரோவில ஏறிப் பாருங்க, பக்கத்துல யாரு உட்காந்திருக்கான்னு எவனும் கேட்க மாட்டான்." இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நாம் கொண்டாடவே வேண்டும். மீதிப் பாதியைத் தேடிப் போனால் ஒரு வரலாறு கிடைக்கிறது.

முதலில் வண்டியைப் பார்ப்போம். 2010 செப்டம்பரில் சென்னை மெட்ரோ நிறுவனம் பிரான்சின் அல்ஸ்டாம் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. நான்கு பெட்டி கொண்ட 42 ரயில்கள், ஆக 168 பெட்டிகள். விலை சுமார் 1,470 கோடி ரூபாய். ஒரு பெட்டிக்கு ஏறத்தாழ எட்டே முக்கால் கோடி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் 9 ரயில்கள் பிரேசிலில் சாவோ பாலோ நகரத்துத் தொழிற்சாலையில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தன. முதல் ரயில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது 2013 மே மாதக் கடைசியில். மீதி 33 ரயில்கள் தடா பக்கம் ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் அல்ஸ்டாம் கட்டிய ஆலையில் உருவாயின. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் இடையே ஓட்டம் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை தடம் நீண்டது. அந்த நீட்டிப்புக்காக வாங்கிய 10 ரயில்களையும் சேர்த்தால் 52 ரயில்கள், 208 பெட்டிகள்.

உடல் துருப்பிடிக்காத எஃகு. தலைக்கு மேல் போகும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி அனுப்பும். இவை பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு. சமூகவியல் படிப்பவர்கள் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். இருக்கைகள் சுவரோடு நீளவாக்கில் இருக்கின்றன. எதிரெதிராக, தொடையோடு தொடை உரச உட்கார வேண்டும். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் கதவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து போகலாம். முன்பதிவு கிடையாது. எனவே பெயர்ப் பட்டியல் கிடையாது, பெயரை வைத்து ஆள் பார்க்கும் வேலையும் கிடையாது. ஒரு ரயிலில் ஏறக்குறைய 1,270 பேர் போகலாம். பெரும்பாலோர் நின்றுகொண்டுதான். நெரிசலில் தீட்டுப் பார்க்க இடமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மெட்ரோ பெட்டியில் கழிவறை இல்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் விஷயமல்ல இது. இந்தியாவில் பல பத்தாண்டுகளாக ரயில் பெட்டியிலிருந்து மலம் தண்டவாளத்தில் விழுந்தது. அதைக் கூட்டி அள்ளியது நம் மக்களின் கை. 2013இல் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் வந்த பிறகும், 2014 மார்ச்சில் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரயில்வேயைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. மெட்ரோ பெட்டி பிறந்தபோதே அந்தப் பாவம் இல்லாமல் பிறந்தது. இதை யாரும் நமக்காகச் செய்யவில்லை. பயண நேரம் குறைவு, அதனால் கழிவறை தேவைப்படவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் பலன் பலன்தான்.

தண்டவாளத்தின் மேல் சாதிக்கு என்ன ஆனது என்ற கதை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் ஓடிய நாளிலிருந்து தொடங்குகிறது. சாதி இந்துக்கள் எப்படி எல்லாரோடும் ஒரே பலகையில் உட்காருவார்கள் என்ற கேள்வி அன்று பெரிதாக இருந்தது. சாதிக்கொரு பெட்டி ஓட்டினால் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே வெள்ளைக்காரன் காசை வைத்து வகுப்புப் பிரித்தான். தன் இனத்துக்கு மட்டும் தனி இடம் ஒதுக்கிக்கொண்டான். மூன்றாம் வகுப்பில் மற்ற எல்லாரும் அடைக்கப்பட்டார்கள். சமத்துவம் வேண்டும் என்று எவனும் நினைக்கவில்லை. லாபக் கணக்கின் ஓரத்தில் தற்செயலாக ஒரு சமமான பலகை கிடைத்தது.

பலகை கிடைத்தது, நடைமேடை கிடைக்கவில்லை. 1901இல் சிறுவன் பீமராவ் தன் அண்ணனோடும் அக்காள் பிள்ளையோடும் சாத்தாராவிலிருந்து தகப்பனாரைப் பார்க்கப் போன கதையை நாம் எல்லாருமே படித்திருக்கிறோம். அதில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. ரயிலுக்குள் அவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. புதுச் சட்டையும் தொப்பியுமாகச் சந்தோஷமாகப் போனார்கள். மசூர் ஸ்டேஷனில் இறங்கி, ஸ்டேஷன் மாஸ்டர் "நீங்கள் யார்" என்று கேட்டு, மகர் என்று பதில் வந்த பிறகுதான் எல்லாம் மாறுகிறது. மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரன் கூட நடந்து வந்தான். ரயில் பெட்டி கேட்காத கேள்வியை ஸ்டேஷன் கேட்டது. ஸ்டேஷன் கேட்டதை ஊர் இன்னும் உரக்கக் கேட்டது.

தமிழ்நாட்டு ஸ்டேஷன்களிலும் இதே கதைதான். ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம் இருந்தது. பெரியாரும் சுயமரியாதைக்காரர்களும் ஆண்டுக்கணக்கில் எழுதி, பேசி, போராடி, 1941இல்தான் அது ஒழிந்தது. ஒரே வண்டியில் வந்தவர்கள் இறங்கியதும் வேறு வேறு வாசலில் நுழைந்து இட்லி சாப்பிட்டிருக்கிறார்கள்.

ரயிலை விடவும் பஸ் மோசம். முதலாளி உள்ளூர்க்காரன், அவனுக்கு ஊர்ச் சாதி தெரியும். ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்ட பிறகுதான் பல பஸ்களில் கதவு திறந்தது. அவர் நாடார் சமூகத்துத் தலைவர். கோயிலுக்கும் தெருவுக்கும் தாமே போராடி வந்த சமூகம். லைசென்ஸ் என்ற ஒரு காகிதத்தின் பலத்தை அவர் புரிந்து வைத்திருந்தார். இதை ஏன் சொல்கிறோம் என்பது பின்னால் விளங்கும்.

நம் நெல்லைச் சீமைக்கு வருவோம். 1995 ஜூலையில் வீரசிகாமணியில் அரசு பஸ்ஸின் தலித் ஓட்டுநருக்கும் பள்ளி மாணவர்களுக்கும் நடந்த தகராறு தென்மாவட்டம் முழுக்கத் தீயாகப் பரவியது. அந்தத் தொடர்ச்சியில்தான் ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்தது. 1997இல் விருதுநகர் பகுதிக்கெனத் தொடங்கிய புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். கலவரம், உயிர்ச்சேதம். கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்தது. மாவட்டங்களின் பெயர்களையும் எடுத்தது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி ஆனது, சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆனது. கட்டபொம்மன் பெயர் போட்ட பஸ்ஸில் ஏறி வந்தவர்களுக்கு, அவன் படையில் நின்று உயிர் கொடுத்தவன் பெயர் போட்ட பஸ் கசந்தது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் தேர்வெழுதப் போன நம் மாணவர் ஒருவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கி வெட்டினார்கள். விரல்கள் துண்டாயின.

இந்தப் பின்னணியில் இருந்து சென்னைக்குப் போகும் பிள்ளைக்கு மெட்ரோ பெட்டி சொர்க்கமாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் அங்கேயும் தொடக்கத்தில் ஒரு தடுப்பு இருந்தது, மறந்துவிட வேண்டாம். ஒவ்வொரு ரயிலிலும் சிறப்பு வகுப்பு என்று ஒரு பகுதியை ஒதுக்கி இரட்டைக் கட்டணம் வாங்கினார்கள். இந்திய ரயில்வே மூன்றாம் வகுப்பு என்ற பெயரையே 1974இல் எடுத்துவிட்டது. 2015இல் புதிதாக வந்த நகர ரயிலோ வகுப்பைத் திரும்பக் கொண்டு வந்தது. அரை மணி நேரப் பயணம், அதே குளிர், அதே வேகம். இரட்டைக் காசுக்குக் கிடைத்தது ஒன்றுதான்: பக்கத்தில் ஆள் இல்லாமல் இருப்பது. 2020 நவம்பரில் அந்தப் பகுதியைப் பெண்களுக்கானதாக மாற்றினார்கள். நல்ல முடிவு.

இதுவரை சொன்னது வண்டியில் ஏறுவது பற்றி. நாங்கள் கேட்க விரும்புவது வண்டியைச் செய்வது பற்றி.

1938 பிப்ரவரியில் மன்மாடில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாடு நடந்தது. தலைமை வகித்தவர் அம்பேத்கர். பார்ப்பனியமும் முதலாளியமும் தொழிலாளியின் இரண்டு எதிரிகள் என்று அவர் சொன்னது அந்தப் பேச்சில்தான். சுவரொட்டிகளில் எல்லாரும் அந்த வரியை மட்டும் போடுகிறார்கள். அதே பேச்சில் ரயில்வே வேலையைப் பிரித்துப் பிரித்துக் காட்டியிருக்கிறார். நம் ஆள் தண்டவாளத்தில் கேங்மேனாக வெயிலில் காயலாம். ஸ்டேஷனில் போர்ட்டராக முடியாது. ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டு வேலையும் பார்க்க வேண்டும், வீட்டுக்குள் தீண்டத்தகாதவன் வரலாமா? பட்டறையிலும் மெக்கானிக்காகவோ மேஸ்திரியாகவோ நம் ஆள் வருவது அரிது. கூலியாகவே காலம் தள்ள வேண்டும். பெட்டியில் ஏற டிக்கெட் போதும். பெட்டியைச் செய்யும் பட்டறையில் சுத்தியலுக்குப் பக்கத்தில் நிற்க டிக்கெட் விற்கவில்லை.

அந்தக் கதவைத் திறந்தது சட்டம். வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943இல் ஒன்றிய அரசு வேலைகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு இடஒதுக்கீட்டை அம்பேத்கர் பெற்றுத் தந்தார். 1946இல் அது 12.5 ஆனது, 1970இல் 15. இந்த எண்கள் கண்முன் ஒரு கட்டடமாக நிற்கும் இடங்களில் ஒன்று பெரம்பூர்.

1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்து வைத்த ஐ.சி.எஃப்., சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தோடு தொடங்கியது. அரசு ஆலை, ஆகவே இடஒதுக்கீடு முதல் நாளிலிருந்தே பொருந்தும். வெல்டர், ஃபிட்டர், பெயின்டர், எலக்ட்ரீசியன் என்று மன்மாடில் மறுக்கப்பட்ட வேலைகளுக்கு இங்கே ரோஸ்டர் உண்டு. யார் தடுத்தாலும் பதினைந்து பேர் உள்ளே போயே ஆக வேண்டும் என்பதுதான் ரோஸ்டரின் அர்த்தம். குவார்ட்டர்ஸ், ரயில்வே பள்ளி, மருத்துவமனை, பென்ஷன் என்று அந்த ஒரு வேலையோடு வருபவை ஒரு குடும்பத்தை ஒரே தலைமுறையில் தூக்கி நிறுத்தும். வட சென்னையின் தலித் நடுத்தர வர்க்கம் எங்கிருந்து வந்தது என்று ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்கள் துறைமுகத்தையும் ஐ.சி.எஃப்.ஐயும் பார்க்காமல் எழுத முடியாது.

இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் கொல்கத்தாவில் 1984 அக்டோபர் 24 அன்று ஓடியது. அதன் பெட்டிகள் எங்கே செய்யப்பட்டன தெரியுமா? பெரம்பூரில்தான். மின்சாதனங்கள் பெங்களூரின் என்.ஜி.இ.எஃப். என்ற அரசு நிறுவனத்தில் ஆயின. தரைக்கடியில் ஓடும் வண்டியை நாட்டில் யாரும் அதுவரை செய்ததில்லை. இடஒதுக்கீட்டில் ஆள் எடுத்தால் தரம் கெடும் என்று சொல்கிறவர்களிடம் நாம் காட்ட வேண்டிய வண்டி அது. 1995இல் சென்னைக் கடற்கரையிலிருந்து சேப்பாக்கத்துக்கு ஓடிய பறக்கும் ரயிலும் ஐ.சி.எஃப். பெட்டிதான், 2018இல் வெளிவந்த வந்தே பாரத்தும் அதே ஆலையில்தான் பிறந்தது.

கொல்கத்தா மெட்ரோவும் நம் பறக்கும் ரயிலும் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓடுபவை. டெல்லி மெட்ரோ அகலப் பாதையில் தொடங்கிப் பிறகு 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு மாறியது. உலகச் சந்தையில் விற்கும் பெட்டிகள் அந்த அளவில்தான் வரும். சென்னை மெட்ரோ தொடக்கத்திலிருந்தே அதை எடுத்துக்கொண்டது. ஜப்பான் கடன், உலகளாவிய டெண்டர், பன்னாட்டுக் கம்பெனி. ஐ.சி.எஃப். வாசலிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் ஓடப் போகும் பெட்டி, பிரேசிலில் இருந்து கடல் தாண்டி வந்தது. அல்ஸ்டாம் நல்ல வண்டியைத்தான் தந்திருக்கிறது. குளிர் சரியாக இருக்கிறது, நேரத்துக்கு வருகிறது. எங்கள் புகார் வண்டியின் மேல் இல்லை. 168 பெட்டிகளுக்கான பொதுப் பணம் இடஒதுக்கீடு இல்லாத வாசலுக்குள் போனது, அதைப் பற்றி அன்று தமிழ்நாட்டில் ஒரு கட்சியும் பெரிதாகப் பேசவில்லை. தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும் என்று மேடையில் முழங்குகிறோம். அந்த முழக்கம் ஒரு பொருளாக எப்படி இருக்கும் என்று கேட்டால், நான்கு பெட்டியோடு நீல வண்ணத்தில் நம் முன்னால் வந்து நிற்கிறது.

இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 119 கிலோமீட்டர் என்று திட்டமிடப்பட்டது. இதில் ஓடுபவை ஓட்டுநர் இல்லாத மூன்று பெட்டி ரயில்கள். 2022 நவம்பரில் 78 பெட்டிகளுக்கான ஆர்டர் மறுபடி அல்ஸ்டாமுக்கே போனது. முதல் வண்டி 2024 அக்டோபரில் பூந்தமல்லி பணிமனைக்கு வந்தது. ஆனால் 2024 நவம்பரில் ஒரு திருப்பம். 210 பெட்டிகளுக்கான 3,657 கோடி ரூபாய் ஒப்பந்தம், பதினைந்து ஆண்டுப் பராமரிப்பும் சேர்த்து, பெங்களூரின் பி.இ.எம்.எல். நிறுவனத்துக்குக் கிடைத்தது. அது ஒன்றிய அரசின் பொதுத்துறை நிறுவனம், ஆகவே ரோஸ்டர் உண்டு. செய்தித்தாள்கள் இதை உள்நாட்டுத் தயாரிப்பின் வெற்றி என்று எழுதின. பட்டறைக் கதவு மறுபடி கொஞ்சம் திறந்தது என்று எவரும் எழுதவில்லை. அதே பி.இ.எம்.எல்.லின் 26 விழுக்காடு பங்கை நிர்வாகப் பொறுப்போடு சேர்த்து விற்க 2021 ஜனவரியில் ஒன்றிய அரசு விண்ணப்பம் கோரியதையும் சேர்த்துப் படியுங்கள். நிர்வாகம் கைமாறினால் ரோஸ்டரும் கைநழுவும். பங்கு விற்பனை என்பது பொருளாதாரப் பக்கத்துச் செய்தி என்று புரட்டிவிட்டுப் போகும் தோழர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

ஓட்டுநர் இல்லாத ரயில் பற்றியும் ஒரு வார்த்தை. 2015இல் முதல் நாள் வண்டியை ஓட்டியவர் டிப்ளமோ படித்த ஓர் இளம்பெண். அந்தப் படத்தைப் பார்த்து எத்தனையோ பாலிடெக்னிக் மாணவிகள் அந்த வேலையைக் கனவு கண்டார்கள். ஒன்பதே ஆண்டில் அந்த இருக்கையே இல்லாத வண்டி வந்துவிட்டது. இயந்திரத்தை எதிர்ப்பது நம் வேலையில்லை. ஆனால் கட்டுப்பாட்டு அறையிலும் பணிமனையிலும் சிக்னல் பிரிவிலும் உருவாகும் புதிய வேலைகளில் யார் உட்காருகிறார்கள் என்று பார்ப்பது நம் வேலை.

துடைப்பம் மட்டும் இன்னும் ஓட்டுநர் இல்லாத நிலைக்குப் போகவில்லை. பெட்டியைக் கழுவி, ஸ்டேஷன் தரையைத் துடைப்பவர்கள் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். சீருடையில் மெட்ரோ பெயர் இருக்கும், சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கும். இந்த வேலைக்கு மட்டும் ரோஸ்டர் தேவைப்படுவதே இல்லை; யார் வருவார்கள் என்று டெண்டர் எடுப்பவருக்குத் தெரியும்.

மூன்றாம் வழித்தடம் பழைய மகாபலிபுரம் சாலை வழியாகவும், ஐந்தாம் வழித்தடம் பெரும்பாக்கம் வழியாகவும் போகத் திட்டம். கூவம் கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் பெயர்க்கப்பட்ட நம் மக்கள் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் பல ஆண்டுகளாகப் பஸ்ஸுக்குக் கால்கடுக்க நிற்கிறார்கள். நகரத்தை விட்டுத் துரத்தியபோது இல்லாத ரயில், அந்தப் பக்கம் ஐ.டி. கட்டடங்கள் நிறைந்த பிறகு வருகிறது. வரட்டும். நம் ஊர்க்காரர்களுக்கோ இருந்ததும் போயிற்று. முன்பு திசையன்விளை பஸ் கோயம்பேட்டில் இறக்கிவிட்டால் எதிரிலேயே மெட்ரோ. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்த பிறகு தென்மாவட்ட பஸ்கள் அங்கேயே நிற்கின்றன. மெட்ரோ இன்னும் விமான நிலையத்தோடு நிற்கிறது.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவர்களில் யாராவது பத்து ரூபாய் செலவழிக்கத் தயாராக இருந்தால் வேலை இருக்கிறது. சென்னை மெட்ரோவும் பி.இ.எம்.எல்.லும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வருபவை. மூன்று கேள்விகள் போதும். நிரந்தரப் பணியாளர்களில் பட்டியல் சாதி, பழங்குடியினர் பதவி வாரியாக எத்தனை பேர்? பெட்டிகளையும் நிலையங்களையும் சுத்தம் செய்யும் ஒப்பந்தப் பணியாளர்கள் எத்தனை பேர், ஒப்பந்தத்தில் அவர்களுக்குக் குறிப்பிடப்பட்ட தினக்கூலி என்ன? பெட்டி வாங்கிய ஒப்பந்தங்களில் வேலைவாய்ப்பு பற்றி ஏதாவது நிபந்தனை உண்டா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். சௌந்தரபாண்டியனார் கையில் இருந்தது பஸ் லைசென்ஸ். மெட்ரோ நிறுவனத்தின் கையில் இருப்பது ஆயிரக்கணக்கான கோடிக்கான ஒப்பந்தக் காகிதம். அதில் ஒரு பத்தி எழுத முடியுமா முடியாதா என்று கேட்டு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டு மனுவை எழுத எங்கள் வாசிப்பு வட்டத்தில் உட்காரலாம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூடுகிறோம்.